பெண்மக்கள் உள்ள வீடு: உழைப்பின் பங்கீடும் நமது கடற்கரை மரபும்

உஹதுக் களத்தில் (ஹிஜ்ரி 3 / கி.பி. 625) ஷஹீதான அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் தம் மகன் ஜாபிர் (ரலி) அவர்களிடம் இரண்டு பொறுப்புகளை விட்டுச் சென்றார்கள். ஒன்று அடைக்க வேண்டிய கடன்; மற்றொன்று ஒன்பது பெண்மக்கள். கடனைப் பற்றிய செய்தியை நம் வாயிழ்கள் விரித்துப் பேசுவதுண்டு. பெண்மக்களைப் பற்றிய செய்தி அத்துணை பேசப்படுவதில்லை. ஒரு படையெடுப்பிலிருந்து திரும்பும் வழியில் நபி (ஸல்) அவர்கள் ஜாபிரிடம் அவருடைய திருமணம் குறித்து வினவுகிறார்கள். முன்னரே மணமாகியிருந்த ஒரு பெண்மணியைத் தாம் மணந்ததாக அவர் விடை கூறுகிறார். கன்னிப் பெண்ணை மணந்திருக்கலாமே என்று நபியவர்கள் கேட்டபோது ஜாபிர் சொன்ன காரணம் நம் சிந்தனைக்குரியது: வீட்டில் ஒன்பது சகோதரிகள் இருக்கின்றனர், அவர்களை ஒத்த மற்றொரு சிறுமியை அழைத்துவருவதைவிட, அவர்களுக்குத் தலைவாரிவிட்டு, அவர்களைக் கவனித்து வளர்க்கும் முதிர்ச்சியுள்ள ஒருவரையே நாடினேன் என்றார். அம்முடிவு சரியானதே என நபியவர்கள் ஏற்றார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. சில அறிவிப்புகளில் எண்ணிக்கை ஏழு என்றும் உள்ளது.

ஓர் இளைஞரின் திருமணத்தை அவருடைய வீட்டில் இருந்த பிள்ளைகள் ஆணா பெண்ணா என்பது தீர்மானித்தது. அப்பெண்மக்களின் இடத்தில் ஒன்பது ஆண்மக்கள் இருந்திருப்பின் ஜாபிரின் தேவை வேறாக இருந்திருக்கும். தோட்டத்தில் கைகள் கூடியிருக்கும், கடனும் விரைவில் அடைபட்டிருக்கலாம். பிள்ளையின் பாலினம் சொத்துப் பங்கீட்டை எவ்வாறு பாதிக்கிறது என்று நாம் நிறைய எழுதியிருக்கிறோம். அது பெற்றோரின் அன்றாட உழைப்பை, வெளியே யார் எத்தனை காலம் உழைப்பது, உள்ளே யார் அடுப்பூதுவது என்பதை எவ்வாறு பங்கிட்டது என்று நம் வரலாற்றாசிரியர்கள் அதிகம் கேட்டதில்லை. இக்கட்டுரையில் அக்கேள்வியை எழுப்பி, முதலில் நம் மூலநூல்களிலும், பின்னர் காயல்பட்டினம், கீழக்கரை முதல் இலங்கையின் கீழைக்கரை வரையிலான நம் கடற்கரை ஊர்களிலும் அதற்கு விடை தேட முயல்கிறோம்.

திருக்குர்ஆன் இக்கேள்வியை அறியாததன்று. மத்யன் நீர்நிலையருகே தம் ஆடுகளைத் தடுத்து நிறுத்திக்கொண்டு ஒதுங்கி நின்ற இரு பெண்களை மூஸா (அலை) கண்ட நிகழ்வை அல்கஸஸ் அத்தியாயம் (28:23) கூறுகிறது. மேய்ப்பர்கள் அகலும்வரை காத்திருப்பதாகவும், தம் தந்தை முதியவர் என்றும் அவர்கள் விளக்குகின்றனர். வீட்டில் இளைய ஆண்கை இல்லாதபோது வெளியுழைப்பு மகளிரிடம் வந்து சேர்கிறது. அதைப் பழிப்பதாக அந்த வசனத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆலு இம்ரானில் (3:35-37) இம்ரானின் மனைவி, வயிற்றிலுள்ள குழந்தையை இறைப்பணிக்கென நேர்ந்துகொள்கிறார். பிறந்ததோ பெண். பணிக்கு ஆண்பிள்ளையே உரியது என்ற வழக்கத்தின் நடுவே அத்தாய் திகைக்கிறார். ஆனால் அந்தப் பெண்பிள்ளையையே இறைவன் அழகிய முறையில் ஏற்றுக்கொள்கிறான். அவரை வளர்க்கும் பொறுப்பு ஸக்கரிய்யா (அலை) என்ற ஆண்மகனிடம் சேர்கிறது.

நபியவர்களின் வாழ்வையே இக்கோணத்தில் நோக்கலாம். அவர்களுடைய ஆண்மக்கள் யாவரும் மழலைப் பருவத்திலேயே மறைந்தனர். வளர்ந்து ஆளானவர்கள் ஸைனப், ருகையா, உம்மு குல்ஸூம், ஃபாத்திமா (ரலி) ஆகிய நான்கு பெண்மக்களே. இதனைக் கொண்டே குறைஷியர் சிலர் அவர்களைச் சந்ததியற்றவர் என எள்ளினர். பெண்பிறப்புச் செய்தி கேட்டு முகம் கறுத்து, சமூகத்தினின்று ஒளிந்து திரியும் தந்தையை அந்நஹ்ல் அத்தியாயம் (16:58-59) படம்பிடிக்கும் அதே சமூகத்தில், பெண்களைப் பெற்ற தந்தையாகவே அவர்கள் வாழ்ந்தார்கள். வீட்டில் என்ன செய்வார்கள் என்று அஸ்வத் (ரஹ்) கேட்டபோது, குடும்பத்தாரின் பணியில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என ஆயிஷா (ரலி) விடையளித்தார்கள்.

மற்றொரு செய்தி இன்னும் கூர்மையானது. மகள் ஸைனபின் குழந்தையான உமாமாவைச் சுமந்தவாறே நபியவர்கள் தொழுதார்கள்; ஸஜ்தாவின்போது இறக்கிவைத்து, எழும்போது தூக்கிக்கொண்டார்கள் என அபூகதாதா (ரலி) அறிவிக்கிறார்கள். பிற்கால அறிஞர் சிலருக்கு இது இடறலாகவே இருந்திருக்கிறது. இது மாற்றப்பட்ட சட்டம் என்றார் ஒருவர். நபியவர்களுக்கு மட்டும் உரியது என்றார் இன்னொருவர். வேறு ஆளில்லாத நெருக்கடி என்றார் மற்றொருவர். இமாம் நவவீ (மறைவு ஹிஜ்ரி 676 / கி.பி. 1277) முஸ்லிம் விரிவுரையில் இவை அனைத்தும் ஆதாரமற்றவை என மறுத்தார்கள். பெண்குழந்தையைத் தூக்குவதைக்கூட இழிவாகக் கருதிய அரபு வழக்கத்தைத் தொழுகையிலேயே முறிப்பதே இதன் உட்பொருளாயிருக்கலாம் என்ற ஃபாகிஹானியின் கருத்தை இப்னு ஹஜர் ஃபத்ஹுல் பாரீயில் எடுத்தாள்கிறார்கள். குழந்தையைச் சுமப்பது எவர் வேலை, அதிலும் பெண்குழந்தையைச் சுமப்பது எவர் வேலை என்ற வினா நம் விரிவுரையாளர்களுக்கு அன்றே இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஃபிக்ஹு நூல்களுக்கு வருவோம். ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்றான மின்ஹாஜுத் தாலிபீனில், பிரிந்த பெற்றோரிடையே பிள்ளைப் பராமரிப்பு பற்றிய பகுதியில் இமாம் நவவீ ஒரு நுட்பமான ஏற்பாட்டைக் கூறுகிறார்கள். பகுத்தறியும் வயதையடைந்த மகன் தாயைத் தேர்ந்தால், இரவில் தாயிடமும் பகலில் தந்தையிடமும் இருப்பான். அவனைப் பண்படுத்துவதும், கல்விக்கும் தொழிலுக்கும் அனுப்புவதும் தந்தையின் பகல்நேரக் கடமை. மகள் தாயைத் தேர்ந்தால் இரவும் பகலும் தாயிடமே இருப்பாள். தந்தை வழக்கப்படி வந்து பார்ப்பார். ஹனஃபீ மத்ஹபின் ஹிதாயாவில் மர்கீனானீ (மறைவு ஹிஜ்ரி 593 / கி.பி. 1197), தன் தேவைகளைத் தானே கவனிக்கும் வயதை எட்டிய மகனுக்கு ஆடவர் நடைமுறையைக் கற்பிக்கத் தந்தையே வல்லவர் என்றும், மகள் மகளிர் நடைமுறையைக் கற்க மேலும் சில காலம் தாயிடம் தங்கவேண்டும் என்றும் காரணம் காட்டுகிறார்கள். ஒரு நாளின் பகலும் இரவும் பிள்ளையின் பாலினத்தைக் கொண்டு பெற்றோரிடையே பங்கிடப்படுவதை இவ்வளவு தெளிவாக எழுதிவைத்த சட்ட இலக்கியம் நம்முடையது.

அதே ஷாஃபிஈ நூல்களில் இன்னொரு விதி உண்டு. சமையலும் துப்புரவும் மனைவி மீது சட்டக் கடமையல்ல என்பதே அம்மத்ஹபின் நிலைப்பாடு. அதற்கு மேலும், பிறந்த வீட்டில் பணிவிடை பெற்று வளர்ந்த பெண்ணாயின் அவளுக்குப் பணியாளர் அமர்த்தித் தருவது கணவன் கடமை. அதாவது, பெற்றோர் தம் மகளை எவ்வாறு வளர்த்தார்களோ அதுவே நாளை அவள் கணவனின் பொறுப்பை அளக்கும் கோலாகிறது. ஏந்திரம் அரைத்துக் கை கன்றிய ஃபாத்திமா (ரலி) பணியாள் கேட்டபோது நபியவர்கள் தஸ்பீஹைக் கற்றுத்தந்த செய்தியைக் கொண்டு, வீட்டுப்பணி மனைவியின் கடமையே என வாதிட்டவர்களும் உண்டு; இப்னுல் கய்யிம் அவர்களுள் முதன்மையானவர். எனினும் தமிழக, மலபார்க் கரைகளின் மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டது ஷாஃபிஈ ஃபிக்ஹே. அந்த விதி ஓதிய ஊர்களில் வாழ்வு எப்படி அமைந்தது?

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமான மகள் பிறந்த வீட்டைவிட்டுப் போவதில்லை. மாப்பிள்ளையே அவள் வீட்டுக்கு வருகிறார். மகள்தோறும் ஒரு வீடு, இயலாதபோது வீட்டில் ஒரு பகுதி, பெற்றோர் தருவது மரபு. இதனைக் கண்ணூர்ப் பகுதி மாப்பிள்ளை முஸ்லிம்களின் மருமக்கத்தாயத்தோடு குழப்பிக்கொள்வாருளர். அங்கே தறவாட்டுச் சொத்து தாய்வழிக் கூட்டுடைமையாக இருந்து, 1918, 1939 ஆகிய ஆண்டுகளின் சென்னை மாகாணச் சட்டங்களால் நெகிழ்ந்தது. நம் கரையில் வாரிசுரிமை ஷரீஅத்தின்படியே. மகளுக்கு வீடு சேர்வது பெற்றோர் உயிரோடிருக்கும்போது தரும் அன்பளிப்பாக. வேறுபாடு சிறிதன்று.

இந்த மரபு பெற்றோரின் உழைப்பை வகுத்த விதத்தைக் கவனிக்க வேண்டும். தந்தையின் வணிகப் பயணத்திற்கு மகள்கள் ஒரு கணக்கை வைத்தனர். கொழும்பிலும் இரங்கூனிலும் கடை வைத்திருந்தவர், எத்தனை பெண்மக்களோ அத்தனை வீட்டுக்கு உழைக்க வேண்டியிருந்தது. ஊருக்கு வருவதும், ஊரோடு தங்கிவிடுவதும் அக்கணக்கு முடிவதைப் பொறுத்திருந்தன. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பால் பர்மாவைவிட்டு ஓடிவந்தவர்களும், 1948க்குப் பின் இலங்கையின் குடியுரிமை, குடிவரவுச் சட்டங்களால் கடையை இழந்தவர்களும் இழந்தது வணிகத்தை மட்டுமன்று. மகளுக்கென மனத்தில் எழுப்பி வைத்திருந்த சுவர்களையுந்தான். 1970களிலிருந்து வளைகுடா அந்தக் கணக்கைத் தொடர வழி செய்தது.

வீட்டினுள்ளே நிகழ்ந்தது வேறு. மின்ஹாஜ் கூறிய தந்தையின் பகல் இங்கே கடலுக்கப்பால் போய்விட்டது. மகனைப் பண்படுத்துவது தாயின், தாய்மாமனின், மக்தப் ஆசிரியரின் பொறுப்பாயிற்று; சற்று வளர்ந்ததும் அவன் தந்தையின் கடைக்கோ உறவினர் கடைக்கோ அனுப்பப்பட்டான். மகளோ தாயருகிலேயே இருந்தாள், மணமான பின்னும். ஆகவே பெண்மக்களைப் பெற்ற தாயின் அடுக்களைக்குக் கைகள் குறைந்ததே இல்லை. உம்மாவும், உம்மாவின் உம்மாவும், மகளும், அடுத்தடுத்த வீடுகளில் வாழும் சகோதரியரும் ஒருவர் பேறுகாலத்தை மற்றொருவர் பார்த்துக்கொண்டனர். ஒருத்தியின் பிள்ளை மற்றொருத்தியின் இடுப்பில் வளர்ந்தது. ஆடவர் கண்ணில் படாமல் பெண்கள் வீட்டுக்கு வீடு சென்றுவர அமைந்த முடுக்குகள் இந்த உழைப்புப் பகிர்வின் வழித்தடங்களே. அவற்றைக் கோஷாவின் அடையாளமாக மட்டும் கண்டு எழுதிச் சென்றோர் பாதியையே கண்டனர் என்பது நம் கருத்து.

உள்நாட்டு ஊர்களில் இக்காட்சி தலைகீழ். கணவன் வீட்டிற்கு மனைவி செல்லும் வழக்கமுள்ள இராவுத்தர் குடும்பங்களில் மகள் போய்விடுபவள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தாயோடு வேலை பழகி, அவ்வேலையைப் பிறர் வீட்டில் செய்யப் போகிறவள். அங்கே தாயின் சுமை இறங்குவது மகனால். மகன் வேலை செய்வதால் அன்று. அவன் மருமகளைக் கொண்டுவருவதால். காயல்பட்டினத்தில் மகன்களை மட்டுமே பெற்ற உம்மாவின் வீடு அவர்கள் மணமுடித்தபின் வெறிச்சோடும். உள்நாட்டு ஊரில் மகள்களை மட்டுமே பெற்ற தாயின் வீடு வெறிச்சோடும். ஒரே மார்க்கம், ஒரே மொழி, சில மணி நேரப் பயணத் தொலைவு. பிள்ளையின் பாலினம் பெற்றோர் உழைப்பின் மீது செலுத்தும் ஆட்சி இயற்கையினின்று வருவதன்று. மணமான பிள்ளை எந்த வீட்டில் வாழும் என்ற ஏற்பாட்டினின்று வருவது என்பதற்கு இவ்விரு ஊர்களையும் விஞ்சிய ஆய்வுக்களம் கிடைப்பது அரிது.

மேலைநாட்டுப் பொருளியலார் இந்த வினாவை அண்மைக் காலத்தில்தான் எடுத்துக்கொண்டனர். ஷெல்லி லண்ட்பெர்க், எலைனா ரோஸ் ஆகிய இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கத் தந்தையரின் வேலை நேரமும் ஊதியமும் மகள் பிறந்தபோது உயர்ந்ததைவிட மகன் பிறந்தபோது கூடுதலாக உயர்ந்தன எனக் கண்டனர். மகனுக்காகத் தந்தை அதிகம் உழைக்கிறார் என்பது அங்குள்ள நிலை. நம் கடற்கரையில் தந்தையைக் கப்பலேற்றியது மகள். அவர்களுடைய எண்களை இங்கே பொருத்திப் பார்ப்போர் இதை மறத்தல் ஆகாது.

எனினும் கடற்கரை மரபைப் பொற்காலமாக வரைந்துவிட நமக்கு உடன்பாடில்லை. அங்கே பெண்மக்கள் தந்தையின் வெளியுழைப்பைக் கூட்டினர். தாயின் வீட்டுழைப்பைப் பகிர்ந்தனர். ஆனால் எந்த ஆணையும் அடுக்களைக்கு அழைத்துவரவில்லை. மாப்பிள்ளை அவ்வீட்டில் விருந்தாளி. ஆண்டுகள் கடந்தும் விருந்தாளி. மாமியார் வீட்டில் அவர் தம் தட்டைக் கழுவினால் அது அவ்வீட்டாருக்கு இழுக்கு. குடும்பத்தாரின் பணியில் இருந்த நபியவர்களின் சுன்னத்துக்கு இந்த உபசரிப்பு இடம் வைக்கவில்லை. பணியாளர் விதியை ஓதிய ஆலிம்களும், கணவன் பணியாளர் அமர்த்தாத இடத்தில் மனைவியின் தாயே அப்பணியைச் செய்துவருவதை ஒரு மஸ்அலாவாக எழுப்பியதாகத் தெரியவில்லை.

அடுத்து நீதி பற்றிய வினா. தம் மகன் நுஃமானுக்கு ஓர் அன்பளிப்பைத் தந்துவிட்டு நபியவர்களைச் சாட்சியாக்க வந்த பஷீர் (ரலி) அவர்களிடம், பிள்ளைகள் எல்லோருக்கும் அவ்வாறே தந்தீரா என்று நபியவர்கள் கேட்டு, இல்லையென்றதும் சாட்சியாக மறுத்த செய்தி புகழ்பெற்றது. பிள்ளைகளிடையே அன்பளிப்பில் சமன் காப்பது ஷாஃபிஈ மத்ஹபில் வலியுறுத்தப்பட்ட சுன்னத்து, ஹன்பலீகளிடம் கட்டாயம். வீடுகளையெல்லாம் மகள்களுக்கு எழுதிவிட்டு மகன்களுக்கு எஞ்சியதை வாரிசாக விடும் வழக்கம் இதற்கு எதிரல்லவா என்பர் சிலர். தேவை கருதிக் கூட்டித் தருவதற்கு ஃபிக்ஹில் இடமுண்டு என்பதும், மகனுக்கும் மனைவி வழியே தங்க ஒரு வீடு கிடைக்கிறது என்பதும் மறுதரப்பின் விடை. இரண்டாவது விடை நமக்கு நிறைவு தரவில்லை. தலாக்கு நேர்ந்தால் அம்மகன் எங்கே போவான் என்பதற்கு அதில் பதிலில்லை. ஆனால் முதல் விடையில் வலுவுண்டு. கணவனால் கைவிடப்பட்ட மகள் தெருவில் நின்ற காட்சி இவ்வூர்களில் அரிதாயிருந்ததற்கு அந்த வீடே காரணம்.

மகளுக்குத் தரும் வீடு வேறு. மாப்பிள்ளைக்குக் காட்டும் வீடு வேறு. பெற்றோர் தம் மகளைத் தம்மருகே வைத்துக்கொள்ள எழுப்பியது, மணப்பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் கேட்டுப் பெறும் நிபந்தனையாக மாறும்போது கைக்கூலியோடு சேர்ந்துவிடுகிறது. மஹர் கொடுக்கக் கடமைப்பட்டவர் வீடு கேட்கிறார். பெண்மக்களின் தந்தை வெளிநாட்டில் கழிக்கும் ஆண்டுகளுள் எத்தனை மகளுக்காக, எத்தனை மாப்பிள்ளைக்காக என்று பிரித்தறிய ஒரே வழி, ஆவணம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பதுதான்.

இம்மரபின் மிக முழுமையான வடிவத்தை இலங்கையின் கீழைக்கரையில் காணலாம். அங்கு முஸ்லிம்களும் அண்டைத் தமிழ் இந்துக்களும் தாய்வழிக் குடிமுறையைப் பேணி வந்தனர். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் களஆய்வு செய்து 2008இல் விரிவான நூலொன்றை வெளியிட்ட மானிடவியலார் டெனிஸ் மெக்கில்வ்ரே, சீதன வீட்டைச் சுற்றியே அங்குக் குடும்ப வாழ்வு அமைவதைக் காட்டியுள்ளார். மூத்த மகள் மணமானதும் பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, இளைய பிள்ளைகளோடு வேறு வீட்டுக்குப் பெயர்கின்றனர். அடுத்தவளுக்கு அடுத்த வீடு. இப்பணியில் தந்தையோடு சகோதரர்களும் சேர்க்கப்படுகின்றனர். அக்கா தங்கையரின் வீடு முடியும்வரை தன் திருமணத்தைத் தள்ளிவைத்த அண்ணனும் தம்பியும் அங்குக் கதைப்பாத்திரங்கள் அல்லர். ஜாபிர் (ரலி) அவர்களின் நிலையை அவர்கள் புரிந்துகொள்வர்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலான கரையோர ஊர்களில் இச்சீதன வீடுகளையே வாரிச் சென்றது. மீள்குடியேற்றத்தில் அரசு நிருவாகம் குடும்பத் தலைவர் என்ற கருத்தைப் பின்பற்றியது. குடும்பத் தலைவர் என்பது ஆண் என்றே பொருள்கொள்ளப்பட்டது. தாயிடமிருந்து மகளுக்கு வந்த வளவுக்குப் பதிலாகக் கணவன் பெயரில் வீடு வழங்கப்படுவதைப் பெண்ணியலாளரும் ஆய்வாளரும் எடுத்துக்காட்டிக் கண்டித்தனர். பல தலைமுறைகளின் உழைப்பு யாருக்காக நிகழ்ந்ததோ அவரது பெயர், ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் காணாமற்போவது எத்துணை எளிது!

தந்தையின் உழைப்பு போதாதபோது என்ன நிகழ்ந்தது என்பதையும் அக்கரையே காட்டுகிறது. 1980களிலிருந்து இலங்கையின் முஸ்லிம் தாய்மார் பலர் வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் சென்றனர். மகளுக்கு வீடு கட்டுவது அவர்கள் கூறிய காரணங்களுள் முதன்மையானது. தந்தையை நூற்றாண்டுக் கணக்காகக் கப்பலேற்றிய அதே தேவை இப்போது தாயை விமானமேற்றியது. தந்தை சென்ற நாளில் வீட்டு நிருவாகம் முழுவதும் தாயிடம் வந்தது; அதை யாரும் சமூகச் சிக்கல் என்று அழைக்கவில்லை. தாய் சென்றதும் பிள்ளைகளின் நிலை குறித்து மிம்பர்களிலும் நாளேடுகளிலும் கவலை எழுந்தது. அக்கவலை பொய்யன்று. ஆனால் 2013இல் அரசு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் வெளிநாடு செல்வதைத் தடுத்தபோது, தந்தையருக்கு அத்தகைய தடை எதுவும் இல்லை. பின்னாளில் அது தளர்த்தப்பட்டது. ஊரில் தங்கிய கணவர்களுள் சமையலையும் பிள்ளை வளர்ப்பையும் ஏற்றவர்கள் இருந்தனர், அண்டை வீட்டாரின் கேலியைப் பொறுத்துக்கொண்டு. மிகுதியும் அப்பொறுப்பு பாட்டியிடமே போய்ச் சேர்ந்தது.

பிறந்த வீட்டில் பணிவிடை பெற்று வளர்ந்தவளுக்குக் கணவன் பணியாளர் தரவேண்டும் என்ற விதியை நாம் மேலே கண்டோம். வளைகுடாவின் ஏதோவொரு வீட்டில் ஒரு மனைவிக்கு அவ்வுரிமை நிறைவேறுகிறது. அங்கே பாத்திரம் துலக்கி, பிறர் பிள்ளைக்குத் தலைவாரிவிடும் பணியாளர், காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ ஒரு மகளுக்கு உம்மா. அவள் அனுப்பும் பணத்தில் அத்திவாரம் எழும்பி, சுவர் எழும்பி, கூரைக்கு மறுபடியும் இரண்டாண்டு ஒப்பந்தம் தேவைப்படும். அதுவரை அம்மகளுக்குத் தலைவாரிவிடுவது உம்மாவின் உம்மா.